பட்டு கட்டிய குடைமிளகாய்

எங்கள் பெரியப்பா ஒரு குடைமிளகாயோடு மல்லுக்கட்டியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

பங்குனி உத்திர நாள். காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக் கூடத்தில் பந்தி நடக்கிறது. சாமி திருக்கல்யாணம் பார்க்க முசரவாக்கத்திலிருந்தும் மாகறலிலிருந்தும் வந்த உறவுக்காரர்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இலையில் சோறு, பருப்பு, நெய், கூட்டு எல்லாம் இருக்கிறது. எதையும் யாரும் தொடவில்லை. எல்லார் கவனமும் இலை நடுவில் ஆவி பறக்க உட்கார்ந்திருக்கும் அந்தப் பச்சைக் குண்டின் மேல்தான்.

பெரியப்பா முதலில் அதை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். வழுக்கியது. உள்ளங்கையில் வைத்து நசுக்கப் பார்த்தார். சுட்டது. "ஸ்ஸ்ஸ்" என்று கையை உதறினார். அப்புறம் கோபம் வந்து முஷ்டியால் ஒரு குத்து விட்டார். குத்து வாங்கிய மிளகாய் ஒரு துள்ளுத் துள்ளிப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தது. பக்கத்து இலை மாகறல் சித்தப்பாவுடையது. தன்னுடையதையே திறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த அந்த மனுஷருக்கு இப்போது இன்னொன்று சேர்ந்துவிட்டது.

நான் ரசச் சொம்போடு கதவோரம் நின்றிருந்தேன். கூடத்தில் இருந்த சிறுசுகள் எல்லாம் சிரித்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் பள்ளிப் படிப்பு அந்த மிளகாய்க்குள்தான் இருந்தது.

படிப்பு எப்படி மிளகாய்க்குள் போனது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

உறைக்காத மிளகாய்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் அப்பா ஏகாம்பரத்தைத் தெரியும். இன்றைக்குத்தான் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா முசரவாக்கத்து விவசாயி. நிலம் அண்ணனுக்கும் தம்பிக்கும் பொது. நான் படிக்க வேண்டும் என்பதற்காக அம்மாவையும் என்னையும் டவுனில் நெசவாளர் தெருவில் குடிவைத்துவிட்டு, தினமும் சைக்கிளில் கிராமத்துக்குப் போய் வருவார்.

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொட்டப் புள்ளைக்கு அவ்ளோ படிப்பு இன்னாத்துக்குடா?" என்பதை அவர் வணக்கம் சொல்வது மாதிரி பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கெட்டவர் என்று சொல்லிவிட மாட்டேன். தேருக்குக் கூட்டிப் போய்த் தோளில் தூக்கிக் காட்டியவர் அவர்தான். தன் வாயிலிருந்து வந்துவிட்டால் அது சட்டம் என்று நம்பினார், அவ்வளவுதான். அந்த வாயும் ஓயாது. பல் விளக்கும்போதும் பேசுவார். நாவிதர் கன்னத்தில் கத்தி வைத்திருக்கும்போதும் பேசுவார்.

அப்பா நேர்மாறு. பேச்சு கம்மி, யோசனை அதிகம். அந்த யோசனையெல்லாம் நிலத்தில் போய் முடியும். அந்த வருஷம் விவசாய ஆபீஸர் ஒருவர் ஒரு பொட்டலம் விதையைக் கையில் கொடுத்து, "இது பெங்களூர் பக்கம் வெளையற குடைமிளகாய். மெட்ராஸ் ஓட்டல்காரனெல்லாம் தேடிக்கிட்டு வருவான்" என்று சொல்லிவிட்டார். அப்பா கிணற்றை ஒட்டின துண்டு நிலத்தில் அத்தனையையும் விதைத்தார்.

விளைந்தது, சும்மா சொல்லக் கூடாது. குண்டு குண்டாக, எண்ணெய் தடவியது மாதிரி பளபளவென்று. பெரியப்பா ஒன்றைப் பறித்துக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"மொளகான்னா கண்ணுல தண்ணி வரணும்டா. இதப் பாத்தா சிரிப்பு வருது."

மெட்ராஸ் ஓட்டல்காரன் ஒருவனும் வரவில்லை. அப்பா மூட்டை கட்டிக் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்கே கொண்டுவந்தார். நானும் கூடப் போனேன். அங்கே நடந்த வியாபாரம் இதுதான்.

"இன்னாபா இது, தக்காளி இன்னும் பழுக்கலியா?"

"தக்காளி இல்லமா. மொளகா."

"அடேங்கப்பா! ஒறைக்குமா?"

"ஒறைக்கவே ஒறைக்காதும்மா!" என்பார் அப்பா, பெருமை பொங்க.

"ஒறைக்காதது எப்டிபா மொளகா ஆவும்?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. ஒரே ஒரு அம்மாள் மட்டும், "ஒண்ணு குடுபா, கொழந்த வெச்சு வெளயாடும்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

மூட்டை அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தது. சாம்பாரில் போட்டோம். துவையல் அரைத்தோம். வற்றல் போட்டோம். கடைசியில் எதிர்வீட்டு ஆடுகூட எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தெருவில் அப்பாவுக்கு "ஒறைக்காத மொளகாக்காரரு" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பெரியப்பா ஊர்க்காரர்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "உத்தரத்துக்கு வர்றேன். அதுக்குள்ள இது மனுசன் துன்ற பொருள்னு காட்டு. காட்டிட்டேன்னா நீ எங்க வேணா இரு, இன்னா வேணா போடு. இல்லேன்னு வெச்சுக்க, டவுன் வூட்டக் காலி பண்ணு. கெணத்து மேட்டுல நெல்லப் போடு. வசந்தா படிச்ச வரைக்கும் போதும், வூட்டோட இருக்கட்டும்."

அப்பா எல்லார் முன்னாலும் "சரிணா" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது அம்மா வாணலியை வைத்த வேகத்தில் அதன் காது ஒன்று கழன்று விழுந்தது.

ஜூனில் நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். அந்தக் காலத்தில் அதை முடித்தால்தான் எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு என்றால் எனக்கு உயிர் என்றெல்லாம் அளக்க மாட்டேன். கணக்கில் நான் மக்கு. ஆனால் காலையில் ரெட்டைப் பின்னலோடு வீட்டைவிட்டுக் கிளம்பினால், சாயங்காலம் வரைக்கும் யாரும் என்னை "தண்ணி கொண்டா" என்று சொல்ல மாட்டார்கள். வரலாற்று டீச்சர் தோளில் பையை மாட்டிக்கொண்டு தனியாக பஸ் ஏறிப் போவாள். அவளை மாதிரி ஒருநாள் நானும் போக வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அந்த ஆசையில்தான் இப்போது மண் விழப்போகிறது.

வெண்ணெய்க்கு அண்ணன்

அம்மா அசருகிற ஆள் இல்லை. டவுன் மாதர் சங்கத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாள் வந்து சமையல் செய்து காட்டியிருந்தாள். கூடவே கரண்ட் அடுப்புப் பெட்டி ஒன்றைக் காரில் கொண்டுவந்திருந்தாளாம். குடைமிளகாயின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, உருளைக்கிழங்கும் ரொட்டித் தூளும் அடைத்து, மேலே சீஸ் துருவிப் போட்டுப் பெட்டிக்குள் வைத்து எடுத்தாளாம். அம்மா அதை வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்தவள்.

"சீஸுன்னா இன்னாம்மா?" என்று கேட்டேன்.

"பால்ல இருந்துதான் வருதாம். வெண்ணெய்க்கு அண்ணன் மாதிரி வெச்சுக்கயேன்."

"நம்ம ஊர்ல கெடைக்குமா?"

"அண்ணன் கெடைக்கலன்னா தம்பிய வெச்சு நடத்த வேண்டியதுதான். நெய்ய ஊத்திடலாம்."

உருளைக்கிழங்கு, ரொட்டித்தூள் விஷயத்தில் அம்மா ஒரு அரசியல் செய்தாள். பெரியப்பா இந்த உலகத்தில் ஒன்றுக்கு மட்டும் அடங்குவார். அது கோயில் இட்லி. எங்கள் ஊர் இட்லி தெரியுமல்லவா? அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் போட்டுப் புளிக்க வைத்து வேகவைப்பது. டவுனுக்கு வந்தால் அது இல்லாமல் அவர் திரும்பியதே இல்லை.

"மாமாவுக்குப் புடிச்ச இட்லி மாவ உள்ள ஊத்திடறேன். உள்ள இருக்கறத துன்னா வெளிய இருக்கறதும் சேந்துதான உள்ள போவணும்?" என்றாள் அம்மா. பெரியப்பாவை அவள் மாமா என்றுதான் சொல்வாள். கட்சி ஆட்கள் யாராவது அன்றைக்கு அவள் பேசியதைக் கேட்டிருந்தால் கவுன்சிலர் சீட்டே கொடுத்திருப்பார்கள்.

பீடி பிடிக்காத நாள்

அடுப்புப் பெட்டிக்கு எங்கே போவது? அப்பா மண்ணெண்ணெய் டின் ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டி, கதவு வைத்து, புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, "இந்தா ஓவன்" என்று கொண்டுவந்து வைத்தார். கீழே கரி நெருப்பு. வெள்ளோட்டமாகக் கொஞ்சம் மிளகாயை உள்ளே வைத்தோம்.

வெந்து வந்ததை அம்மா வாயில் போட்டாள். முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. நான் மோந்ததோடு சரி. அப்பா மட்டும் ஒரு முழு மிளகாயையும் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். பாவம், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் பீடி பற்றவைக்கவில்லை. ஏப்பம் வரும்போதெல்லாம் விளக்குப் பக்கம் போகாமல் தள்ளியே நின்றார்.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறி. விடிந்தால் டக்டக் என்று சத்தம் ஆரம்பித்துவிடும். பழகிப்போனால் அது காதில் விழாது. ஆனால் அது நின்றால் சட்டென்று தெரியும். எந்தத் தறி நிற்கிறதோ அந்த வீட்டில் நம் வீட்டுச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு அம்மா டின்னைத் தெருவில் தூக்கி எறிந்தபோது இரண்டு பக்கமும் தறிகள் நின்றுபோயின.

டின் போன பிறகு அப்பாவுக்கு வேறொரு யோசனை. ஆற்காடு பக்கத்துக் கல்யாணங்களில் பிரியாணிக்குத் தம் போடுவதை அவர் பார்த்திருக்கிறார். அண்டாவுக்குக் கீழேயும் நெருப்பு, மூடித் தட்டின் மேலேயும் நெருப்பு. "அதே கணக்குதான்" என்றார். அண்டாவின் அடியில் ஆற்று மணலைக் கொட்டி, மணல் மேல் தட்டு வைத்து, தட்டில் மிளகாயை அடுக்கி, மூடி மேல் நெருப்புக் கங்குகளை அள்ளிக் கொட்டினோம். வெந்தது! மண்ணெண்ணெய் வாசனை இல்லை. ஆனால் மாவு உப்பிச் சீவின தலையை எல்லாம் தள்ளிவிட்டு வெளியே வழிந்து கிடந்தது. வெள்ளை நூலால் கட்டிப் பார்த்தோம். அது கங்குச் சூட்டில் கருகி, தொட்டதும் உதிர்ந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தறி நின்றது.

சரோஜாக்காவின் முடிச்சு

பக்கத்து வீட்டு சரோஜாக்கா தெலுங்குக்காரி. புருஷனோடு சரிக்குச் சரியாகத் தறியில் உட்கார்கிறவள். அம்மாவை "வதினா" என்று அண்ணி முறை சொல்லித்தான் கூப்பிடுவாள். வாசலில் நின்று எங்கள் கருகின நூலைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ தேவுடா! பருத்தி நூலு சூடு தாங்குமா வதினா? பட்டு போடணும். பட்டு அவ்ளோ சீக்கிரம் கருகாது. நா தரேன்."

உத்திரத்தன்று விடிகாலையிலேயே சரோஜாக்கா வந்துவிட்டாள். புடவை அறுத்த பிறகு தறியில் மிஞ்சிய அரக்குக் கலர் பட்டு இழைகள் ஒரு பிடி அவள் கையில் இருந்தன. முதல் பஸ்ஸில் பெரியம்மாவும் வந்து சேர்ந்தாள். பெரியப்பா மற்றவர்களோடு அப்புறம் வருவதாக ஏற்பாடு. அம்மா தலையைச் சீவ, நான் குடைய, பெரியம்மா மாவு ஊற்ற, சரோஜாக்கா கட்டினாள்.

அவள் கட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். நாலைந்து இழையைச் சேர்த்துத் தொடையில் உருட்டி முறுக்குவாள். மிளகாய்க்குக் குறுக்காக ஒரு சுற்று, நெடுக்காக ஒரு சுற்று. கண் இமைப்பதற்குள் ஒரு முடிச்சு. முடிச்சுப் போட்ட கையோடு இரண்டு நுனியையும் ஒட்ட நறுக்கிவிடுவாள். முடிச்சு எங்கே என்று தடவினாலும் தெரியாது.

"முடிச்சு கண்ணுல பட்டா பொடவை போச்சு வதினா. தறியில இழை அறுந்தா நாங்க இப்டித்தான் முடிவோம். ஒரு ஜென்மத்துக்கும் அவுறாது" என்றாள் பெருமையாக.

நாங்களும் "ஆகா" என்றோம். அவிழாத முடிச்சைப் பந்தியில் அவிழ்ப்பது யார் என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. சரோஜாக்காவுக்கும் தோன்றவில்லை. அவள் தொழிலில் முடிச்சை அவிழ்க்கிற வேலையே கிடையாது.

பெரியம்மா பேசுகிறவள் இல்லை. வீட்டில் அவளுக்குப் பேச இடம் எங்கே கிடைத்தது? மாவு ஊற்றி ஊற்றி, முதுகு வலித்து நிமிர்ந்தபோது மட்டும் கூடை நிறையக் காத்திருந்த மிளகாய்களைப் பார்த்து, "இன்னும் இவ்ளோ இருக்குதா!" என்றாள். அவ்வளவுதான். மறுபடி குனிந்துகொண்டாள்.

வெயில் ஏறியதும் அண்டாவைத் திறந்தோம். நெய்யும் சுக்கும் மிளகும் சேர்ந்த மணம் வீடு முழுக்க அடித்தது. மேல்தோல் அங்கங்கே கறுத்துக் கொப்பளித்து, உள்ளே மாவு உப்பி, ஒவ்வொரு மிளகாயும் கொழுகொழுவென்று இருந்தது. ஒன்றின் தலைகூடக் கழன்றிருக்கவில்லை. மாவு உப்பிய வேகத்தில் பட்டு இழை மிளகாயின் சதையில் ஆழமாகப் புதைந்திருந்தது. அம்மா கும்பிட்டே விட்டாள்.

"வசந்தா, நீ ஸ்கூலுக்குப் போறடி" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நானும் நம்பிவிட்டேன்.

பந்தி

இனி நீங்கள் முதலில் பார்த்த பந்திக்கு வருவோம்.

அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, "இதுக்குப் பேரு பேக்கு, ஓவன்ல சுடறதுணா. மெட்ராஸ்ல பெரிய மனுசங்க வூட்ல எல்லாம் இதான்" என்று அறிவித்தார். பெரியப்பா ஒரு உறுமல் உறுமினார். அதற்கப்புறம்தான் கிள்ளல், நசுக்கல், குத்து எல்லாம்.

பந்தி முழுக்க இதே கூத்து. ஒருவர் நகத்தால் இழையைத் தேடுகிறார். இன்னொருவர் மிளகாயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறார். ஒரு அத்தை, "இது துன்றதுக்கா, பாக்கறதுக்கா?" என்று அடுத்தவளைக் கேட்கிறாள்.

பெரியப்பா குரலை உயர்த்தினார். "டேய் ஏகாம்பரம்! இன்னிக்கு சாமிக்குக் கல்யாணம். நீ இன்னாடா, மொளகாய்க்கும் தாலி கட்டி வெச்சிருக்கியா?"

பந்தி குலுங்கியது. அப்பா முகம் செத்துப்போயிற்று. அம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்து, "சரோஜாவக் கூப்புடு, ஓடு!" என்று பல்லைக் கடித்தாள். ரசச் சொம்போடே ஓடினேன்.

சரோஜாக்கா தறிக் கத்தரியோடு கொல்லைப்பக்கமாக வந்தாள். பந்தியின் கடைசி இலையில் குந்தி ஆரம்பித்தாள். ஆனால் இழை சதைக்குள் புதைந்திருந்ததால் கத்தரி முனைக்கு வழியே கிடைக்கவில்லை. முடிச்சைத் தேடினால் அதுவும் அகப்படவில்லை. "எம் முடிச்சு எனக்கே தெரில வதினா!" என்று அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமைதான் பொங்கியது. ஒவ்வொன்றாகக் கீறி, நெம்பி, நறுக்கிக்கொண்டு இலை இலையாக நகர்ந்தாள். பெரியப்பா இருந்தது பந்தியின் முதல் இலையில்.

அவராவது, காத்திருப்பதாவது! சித்தப்பா இலையிலிருந்து தன் மிளகாயைப் பிடுங்கிக்கொண்டு, "இதுக்கு ஒரு கத்திரிக்கோலு, ஒரு ஆளு! ஒரு கடியில முடியற விசயத்த..." என்று சொல்லி முடிக்காமலே வாயில் வைத்து ஒரே கடி கடித்தார்.

வாயும் நூலும்

மிளகாய் பாதி அறுந்தது. பட்டு அறுபடவில்லை.

பெரியப்பாவுக்கு முன்பல் வரிசையில் இடைவெளி உண்டு. முறுக்கின பட்டு அந்த இடுக்கில் புகுந்து ஈறு வரை ஏறிவிட்டது. மிச்சமிருந்த அரை மிளகாய் மோவாய்க்குக் கீழே ஊசலாடிக்கொண்டிருந்தது. அரக்குச் சாயம் எச்சிலில் கரைந்து, வெற்றிலை போட்டவர் மாதிரி உதடெல்லாம் சிவப்பு. பிடித்து இழுத்தார். வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உறைக்காத மிளகாய் கடைசியில் அவர் கண்ணிலும் தண்ணீர் வரவழைத்துவிட்டது என்று அப்பா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த நேரத்தில் சிரிக்கத் தைரியம் யாருக்கு?

"ங்ங... ங்கா..." என்றார் பெரியப்பா.

சரோஜாக்கா பாய்ந்து வந்து அவர் தாடையைப் பிடித்தாள். "கதலொத்து! ஆடாதீங்க பெரியவரே, ஒதட்ட நறுக்கிடப் போறேன்!" கத்தரி முனை மீசைக்குப் பக்கத்தில் பளபளத்தது. பெரியப்பா சிலையாகிவிட்டார்.

அக்கம்பக்கத்தில் ஒரு தறிச் சத்தம்கூட இல்லை.

அந்த அமைதியில்தான் என் அப்பாவுக்கு, எதையும் தப்பான நேரத்தில் செய்கிற அந்த நல்ல மனுஷருக்கு, கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"எப்டிணா இருக்குது?"

பெரியப்பா கண்ணை உருட்டினார். விரலை நீட்டி அப்பாவைக் காட்டினார். என்னைக் காட்டினார். வாசலைக் காட்டினார். "ங்ங! ங்ங!" என்றார். அர்த்தம் எனக்குப் புரிந்துவிட்டது. இவன் மூட்டை கட்டட்டும், இவள் வீட்டோடு கிடக்கட்டும், எல்லாரும் ஊருக்குக் கிளம்புங்கள். கையிலிருந்த சொம்பு ரசம் தளும்பி என் பாதத்தில் கொட்டியது.

பந்தியில் ஒருவர், "அண்ணன் இன்னா சொல்றாரு?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்" என்று ஒரு குரல் வந்தது.

யார் குரல் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பெரியம்மா சோற்றுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"வசந்தா படிக்கட்டும்ன்றாரு."

"ங்ங்ங்!" என்றார் பெரியப்பா.

"இருங்க, சொல்றேன். ஸ்கூலோட நிறுத்தக் கூடாதாம். அதுக்கு மேலயும் படிக்கணுமாம்."

பெரியப்பா இரண்டு கையையும் ஆட்டினார். சரோஜாக்கா தாடையை இறுக்கிப் பிடித்து, "ஆடாதீங்கன்றேன்ல!" என்று ஒரு அதட்டல் போட்டாள்.

"ரெண்டு கையால ஆசீர்வாதம் பண்றாரு பாருங்க" என்றாள் பெரியம்மா. முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. கூடையைக் கீழே வைத்தாள். அப்புறம் பேசியது வேறு குரலில்.

"விடியறதுக்கு முன்னால வந்து குந்தனோம். நாலு பொம்பளைங்க. ஒரு மொளகாயக் கொடஞ்சு, அதுக்கு மாவு ஊத்தி, பட்டு சுத்தி, நெருப்புல வெச்சு எடுத்து, இலையில போட்டோம். துன்னவும் முடியல, தொறக்கவும் முடியல. எங்க பொழப்பு இப்டியே போயிடுச்சு. இந்தப் புள்ளயாவது நெஞ்ச நிமித்திக்கினு வெளிய ஒரு வேலைக்குப் போவட்டும். அதுவும் சேத்துத்தான் சொல்றாரு."

முதலில் வாயைத் திறந்தவர் மாகறல் சித்தப்பா. "அண்ணனுக்கு எவ்ளோ பெரிய மனசு!" என்றார். அத்தை ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணன் சொன்னா சொன்னதுதான்" என்று இன்னொருவர் முத்திரை குத்தினார்.

நறுக்கென்று ஒரு சத்தம். பட்டு அறுந்தது. அரை மிளகாய் இலையில் விழுந்தது.

பெரியப்பா சிவந்த வாயைத் திறந்தார். பந்தி முழுக்க அவரையே பார்த்தது. அவ்வளவு மரியாதையோடு அவரை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது இல்லை என்று சொன்னால், ஒரு மிளகாய் தன் வாயைக் கட்டிப்போட்டது என்று ஊர் உறவு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் பெண்டாட்டி தன் பேச்சை மாற்றிச் சொன்னாள் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியம்மா அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரசம் ஊத்து" என்றார் என்னைப் பார்த்து.

சொம்பில் மிச்சமிருந்ததை ஊற்றினேன். பாதியை இலைக்கு வெளியே ஊற்றியிருப்பேன். அவர் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

குடைமிளகாய் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கட்டு அறுத்தவர்கள் தின்றார்கள். உள்ளே இருந்த இட்லி நன்றாக இருந்தது என்றார்கள். மிளகாயை இலையோரம் ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள். சாயம் பட்ட பெரியப்பா வாய் மட்டும் சிவந்தே கிடந்தது. கிணற்று மேட்டில் அப்பா தானாகவே நெல் போட்டார். வீட்டை மட்டும் காலி செய்யவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, ரெட்டைப் பின்னலோடு போனேன். அந்த வருஷத்திலிருந்து எங்களுக்கு வேண்டிய அரிசி முசரவாக்கத்திலிருந்து தவறாமல் வந்தது. அனுப்பியவர் பெரியப்பா.

அன்று சாயங்காலம் சாமி பார்த்துவிட்டு எல்லாரும் ஊருக்குக் கிளம்பினார்கள். பெரியப்பா கொஞ்சம் முன்னால் நடந்துகொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு வரை நான் பெரியம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து நிறுத்தி மெதுவாகக் கேட்டேன்.

"பெரியம்மா, பெரியப்பா நெஜமாவே அப்டித்தான் சொன்னாரா?"

அவள் என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து எனக்கும் சேத்து அவர்தான் பேசினு இருக்காரு. இன்னிக்கு ஒரு தபா அவருக்கும் சேத்து நான் பேசனேன்."